இணைச்சீர்க்காரியின் குல்லா

நீலகிரி மலையில் எங்கள் ஊரான எமரால்டில் தை மாதம் குல்லா இல்லாத தலையைப் பார்க்க வேண்டுமானால் கோயிலுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் சாமிக்கு மட்டும்தான் குல்லா இல்லை, பூசாரிக்கு உண்டு. பால்காரர், காரட் கழுவுகிறவர்கள், பஸ் டிரைவர், பள்ளிக்கூடத்து வாத்தியார், எங்கள் அப்பா என்று எல்லார் தலையிலும் கம்பளி ஏறியிருக்கும். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மங்கி குல்லாவோடு பெண் பார்க்கப் போன மாப்பிள்ளைகள்கூட எங்கள் ஊரில் உண்டு. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் என் ஒருத்தியின் குல்லாவைப் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தில் வாயடைத்து நின்றார்கள் என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா? வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை.

என் பெயர் சசிரேகா. குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. போன வருடம் வைகாசியில் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் அதைக் குத்திப் பார்த்து, புற்றுநோய் என்றார்கள். குணமாகிற வகைதான், பயப்படாதே என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, புருவம் கொட்டியது, வாயில் புண் வந்தது, காபி இரும்பு மாதிரி ருசித்தது. கார்த்திகையில் கடைசி மருந்து முடிந்து ஸ்கேன் எடுத்தபோது கட்டி இல்லை. டாக்டர் கைகுலுக்கி அனுப்பினார். நான் பிழைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் இதை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

நோய் வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அம்மாவுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. 'கட்டி' என்றுகூடச் சொல்ல மாட்டாள், 'அது' என்பாள். அது எப்படி இருக்கு, அதுக்கு மாத்திரை போட்டாயா. என் அண்ணன் கார்த்திக்குக் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் பெண் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. பெண்ணின் அப்பா ராணுவ முகாமில் சிவிலியன் வேலையில் இருந்தவர், கௌரவமான குடும்பம். இந்த வீட்டில் இந்த நோய் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். ஆவணியில் அவர்கள் உறுதி வார்த்தை பேச வந்த அன்று நான் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். கீழே காபி டம்ளர் சத்தம் கேட்டது. பெண்ணின் அம்மா, மாப்பிள்ளைக்குத் தங்கச்சி இருக்கிறதாகச் சொன்னார்களே என்று விசாரித்தார். அவள் பெங்களூரில் டிரெயினிங்கில் இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். இருமல் வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு அடக்கினேன்.

கார்த்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்தவன் அவன்தான். காரட் ஏற்றுகிற பிக்கப் வண்டியில் முன்னால் உட்காரவைத்து, மலை ஏறும்போது வாந்திக்கு வளைவுக்கு வளைவு நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுப்பான். தங்கமான பிள்ளை. ஆனால் அம்மா முன்னால் வாயில் கொழுக்கட்டை. அன்றைக்குக் கீழே பெங்களூர் என்று அம்மா சொன்னபோதும் அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

மருந்து என் தலையோடு நிற்கவில்லை, விரல் நுனிகளையும் பிடித்துக்கொண்டது. மரத்துப்போன மாதிரி இருந்தது. சட்டைப் பட்டன் அகப்படாது. டம்ளர் கையில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புடவையைத் தொட்டால் துணி தொடுகிற உணர்வே இருக்காது. நரம்பு மெல்லத் தேறும், விரலுக்கு வேலை கொடு என்றார் டாக்டர். மாடி அறையில் அடைத்துவைத்த ஒருத்தி விரலுக்கு என்ன வேலை கொடுப்பாள்? போனில் வீடியோ பார்த்தேன். ஒரு பெண் கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் கம்பளி நூலை வளைத்து வளைத்து இழுத்துக் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டிருந்தாள். குரோஷா. அரை மணியில் ஒரு குல்லா. பேச்சு எந்த நாட்டுப் பாஷையோ, ஒரு எழுத்துப் புரியவில்லை. கை புரிந்தது.

கார்த்தியிடம் சொல்லி ஊட்டியிலிருந்து ஊசியும் நூலும் வாங்கிவரச் செய்தேன். அவன் நல்ல மெல்லிய நூலாகப் பார்த்து வாங்கிவந்தான். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். நூல் விரலில் இருக்கிறதா என்றே தெரியாதபோது எதைப் பின்னுவது? அழுகை வந்தது. அழுதுவிட்டு, இருப்பதிலேயே தடியான நூல் வேண்டும், அதற்கேற்ற தடி ஊசி வேண்டும் என்று மறுபடியும் அவனை விரட்டினேன். இந்தத் தடவை சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு நூல் வந்தது. அதை ஆள்காட்டி விரலில் சுற்றி இழுத்தேன். இழுப்பு தெரிந்தது. தொடுகிறது தெரியவில்லை, இழுக்கிறது தெரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கை எனக்கு ஒரு சேதி சொன்னது அன்றைக்குத்தான்.

கறுப்பு வாங்கியிருக்கலாமே என்றாள் அம்மா. கறுப்பென்றால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு முடி மாதிரித் தெரியுமாம். நான் கேட்டு வாங்கியது மஞ்சள். அரைத்த மஞ்சள் நிறம், மூன்று வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற பஸ்ஸுக்கும் தெரிகிற மஞ்சள்.

குல்லா பின்னுவது உச்சியிலிருந்து கீழே வருகிற வேலை. நடுவில் ஒரு சின்ன வளையம், அதைச் சுற்றிச் சுற்றி வரிசை. ஒவ்வொரு சுற்றிலும் சில கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டாமல் விட்டேன், தேங்காய் மூடிக்குத் தொப்பி வந்தது. சரி என்று தாராளமாகக் கூட்டினேன், ஓரமெல்லாம் நெளிந்து முட்டைக்கோஸ் இலை வந்தது. ஆனால் இதில் ஒரு நல்ல விஷயம், தப்பாகப் போனால் நுனியைப் பிடித்து ஓர் இழு இழுத்தால் போதும். சரசரவென்று மொத்தமும் பிரிந்து பழையபடி நூலாகிவிடும். உடம்புக்குள் போன மருந்தை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. அதனாலேயே கோபம் வரும்போதெல்லாம் பின்னினேன், இன்னும் கோபம் வந்தால் பிரித்தேன். மார்கழியில் என் தலைக்குச் சரியாக ஒரு குல்லா உட்கார்ந்தது. காதை மூடி, கீழ் ஓரத்தை இரட்டையாக மடித்துவிட்டுக்கொள்ளலாம். நூல் தடி என்பதால் கண்ணிகள் விரல் நுழைகிற அளவுக்குப் பெரிசாக இருந்தன. ஆனாலும் காற்று உள்ளே வரவில்லை. முடியில்லாத தலைக்குக் குளிர் எப்படி இருக்கும் என்பது முடி உள்ளவர்களுக்குச் சொன்னால் புரியாது. அந்த மார்கழியில் முதல் தடவையாக ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கல்யாணம் தை மாதம். ஊட்டியில் மண்டபம், விடியற்காலை முகூர்த்தம். எங்கள் தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தோமே தவிர கல்யாண முறையை மட்டும் கீழேயே விட்டு வரவில்லை. சீர் என்கிற கொங்குச் சடங்கு ஒன்று விடாமல் நடக்கும், அதைச் செய்துவைக்கிற பெரியவரான அருமைக்காரர்தான் முன்னின்று நடத்துவார். அதில் இணைச்சீர் என்று ஒன்று. மாப்பிள்ளையையும் அவன் கூடப்பிறந்தவளையும் மணவறையில் வைத்துச் செய்கிற சீர். கூறைச் சேலையின் ஒரு தலைப்பை அண்ணன் பிடிப்பான், மறு தலைப்பைத் தங்கை பிடிப்பாள். பெண்டாட்டி வந்தாலும் உனக்கும் எனக்கும் உள்ள இணைப்பு அறுந்துபோகவில்லை என்று ஊரறியச் சொல்வதுதான் அது. கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பங்காளி வீட்டுப் பெண் யாராவது உட்காருவாள். சின்ன வயதில் யார் கல்யாணத்துக்குப் போனாலும் நான் வாயைப் பிளந்து பார்த்தது இந்தச் சீரைத்தான். உன் கல்யாணத்தில் மணவறையில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று கார்த்தியிடம் சொல்லிச் சொல்லி அவன் காதே புளித்திருக்கும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா மாடிக்கு வந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே விக். கோயமுத்தூரில் தேடிப் பிடித்து வாங்கியிருந்தாள், நீளமாக, பின்னல் போடுகிற மாதிரி. என் தலையில் வைத்துப் பார்த்தாள். அரித்தது. குனிந்தால் நெற்றிக்கு வந்தது, நிமிர்ந்தால் பிடரிக்குப் போனது. இதை வைத்துக்கொண்டு இணைச்சீரில் எப்படி உட்காருவது, பூக் கனத்துக்கே கழன்று விழுந்துவிடுமே என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை மூடினாள்.

"சீருக்கு மோனிகா உக்காந்துக்கட்டும் அம்மிணி. நீ பின்வரிசைல சௌரியமா உக்காந்து பாரு" என்றாள்.

மோனிகா என் பெரியப்பா மகள். நல்ல பெண்தான். அதுவல்ல விஷயம்.

"அண்ணனுக்குக் கூடப்பொறந்தவ இல்லீன்னு சொல்லப் போறியாம்மா?"

"அப்படி ஆரு சொல்றாங்க?"

"மோனிகா உக்காந்தா அதுதான அர்த்தம்."

அம்மா பெரியம்மாவைச் சாட்சிக்கு இழுத்தாள். உடம்பு கெட்ட பெண்ணைச் சீரில் உட்காரவைத்தால் புதுப்பெண்ணுக்கு ஆகாது என்று பெரியம்மா சொன்னாளாம். பெண் வீட்டார் பார்வையும் என் தலை மேலேயே இருக்குமாம். நல்ல காரியம் நல்லபடியாக முடியட்டும், கொஞ்சம் பொறுத்துப் போ என்றாள். என் உடம்பு கெட்டிருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்றேன். அம்மா பெட்டியை என் கட்டிலில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கார்த்தியைப் பிடித்து நேராகவே கேட்டேன், யாரை உட்காரவைக்கப் போகிறாய் என்று. அம்மா மனசு நோகுமே என்றான். என் மனசு என்ன மரக்கட்டையா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு பிக்கப் சாவியை உருட்டிக்கொண்டு நின்றான். இந்த மனுஷன் நாளைக்கு ஒருத்தியைக் கட்டி எப்படிக் காப்பாற்றப் போகிறானோ என்று எனக்கு அந்தப் பெண் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் காரட் தோட்டம். காட்டுப்பன்றி வராமலிருக்க அப்பா அங்கே ஒரு பொம்மை நட்டிருந்தார். மூங்கில் கழி, அதற்குத் தன் பழைய ஸ்வெட்டர், தலைக்குக் கவிழ்த்த மண்சட்டி. கல்யாணத்துக்கு முந்தின நாள் பொழுது இறங்குவதற்குள் நான் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். விக்கைச் சட்டியில் மாட்டி, காற்றில் பறக்காமல் மிச்சமிருந்த மஞ்சள் நூலால் தாடைக்குக் கீழே கட்டிவிட்டேன். பொம்மைக்கு எடுப்பாகவே இருந்தது. என் தலையில் ஒரு நிமிஷம் நிற்காதது அந்தச் சட்டியில் அசையாமல் நின்றது.

கார்த்தியும் பெரியப்பா வீட்டாரும் முந்தின ராத்திரியே மண்டபத்துக்குப் போயிருந்தார்கள்; மிச்சமிருந்த எங்களுக்கு விடிவதற்கு முன்னால் வேன் வந்துவிட்டது. பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டரும் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையுமாக எல்லாரும் வாசலில் நின்றிருந்தார்கள். அம்மா மேலே வந்து பெட்டியைத் திறந்தாள். காலிப் பெட்டி. நான் சன்னலைக் காட்டினேன். தோட்டத்து விளக்கு வெளிச்சத்தில் பொம்மை நின்றுகொண்டிருந்தது. இரவெல்லாம் உறைபனி விழுந்து அதன் கூந்தல் முழுக்க நரைத்திருந்தது. அம்மா காலிப் பெட்டியை மூடினாள்.

"அப்ப நீ வரவேண்டாம். ஊட்டுலயே இரு" என்றாள்.

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பேன். என் அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன், கொசுவம் விரலுக்குத் தெரியாததால் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து மடித்தேன். மஞ்சள் குல்லாவை எடுத்துக் காது மூட மாட்டிக்கொண்டேன். கீழே போய் வேனில் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். குல்லா சூப்பராயிருக்குங்க, எந்தக் கடை என்று கேட்டார் டிரைவர். சொந்தக் கடை என்றேன்.

மண்டபத்துக்குள் போனதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வந்திருந்த ஆண்களில் பாதிப் பேர் மங்கி குல்லா. நாதஸ்வரக்காரர் காதைச் சுற்றி மஃப்ளர். போட்டோக்காரர் தலையில் குஞ்சம் வைத்த குல்லா. பெண்ணின் அப்பா ராணுவத்தில் போடுகிற மாதிரி கறுப்புக் கம்பளித் தொப்பியை இறுக்கி மாட்டியிருந்தார். அருமைக்காரர் தங்கவேலு ஐயா கீழ்நாட்டிலிருந்து வந்தவர், அவருக்குக் குளிர் இன்னும் அதிகம். பழுப்பு நிற மங்கி குல்லாவுக்குள்ளிருந்து அவர் மூக்கு மட்டும் சிவந்து தெரிந்தது. மணவறையில் கார்த்தி உருமால் தலைப்பாகை கட்டி மாலையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மோனிகா, தலை நிறைய மல்லிகையும் மரிக்கொழுந்துமாக, கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அருமைக்காரர் கூறைச் சேலையைக் கொசுவிக்கொண்டிருந்தார்.

நான் நடுவழியில் நடந்து நேரே மணவறைக்குப் போனேன். பெரியம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

சீரில் உட்காருகிறவள் தலையில் பூ இருக்க வேண்டும், குல்லாவோடு உட்காருவது எந்த ஊர் வழக்கம் என்று ஆரம்பித்தாள். ஆசையாக இருந்தால் குல்லாவைக் கழற்றிவிட்டு உட்கார் என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் சொன்னாள். நாதஸ்வரம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது.

"கழட்டறேன் பெரிம்மா" என்றேன். "இந்த மண்டபத்துல குல்லாப் போட்டவங்க எல்லாரும் மொதல்ல கழட்டட்டும். கடைசியா நாங் கழட்டறேன்."

சிலருடைய கை தன்னையறியாமல் தலைக்குப் போய்க் குல்லாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கியது. போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார்.

"எனக்குச் சளிங்க அம்மிணி" என்றார் அருமைக்காரர், நான் அவரைத்தான் சொன்னேன் என்பது போல. பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீ ஆரு?"

"மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவங்க."

அவர் கையிலிருந்த சேலை அப்படியே நின்றது. அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க பழனிச்சாமி, பையனுக்குக் கூடப்பொறந்தவ இல்லீன்னுதானுங்க எங்கிட்டச் சொன்னீங்க?"

பின்வரிசைக்குத் தள்ளுகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை என்றே சொல்லிவிட்டார்களா? தோலுக்குள் ஊசி ஏற்றி, தொண்டை எரிந்து, எலும்பு வலித்து, இவ்வளவையும் தாண்டி உயிரோடு வந்து நிற்கிறவளை, இல்லை என்று. அப்பா தரையைப் பார்த்தார். அம்மா அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவர்களைப் பார்க்கவில்லை, கார்த்தியைப் பார்த்தேன். இப்போதும் வாய் திறக்காவிட்டால் இந்த அண்ணன் எனக்கு வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். உள்ளபடியே கட்டிவிட்டேன்.

கார்த்தி எழுந்து நின்றான். சீர் பாதியில் மாப்பிள்ளை எழக்கூடாது, அதுகூட அவனுக்கு நினைவில்லை.

"இருக்கறாங்க" என்றான். "எந் தங்கச்சிங்க. இவ உக்காந்தாத்தான் நான் உக்காருவேன்."

மோனிகா அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி சட்டென்று எழுந்துகொண்டாள்.

"எனக்குச் சொந்தத்துல ஒரு அண்ணன் இருக்கான். அவங் கல்யாணத்துல நா உக்காந்துக்கறேன்" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, இறங்கி வந்து என் தோளில் இடித்துக்கொண்டு போனாள். அது பாசமாக இடித்த இடி.

நான் போய் உட்கார்ந்தேன். மணவறைக்குக் கீழே முணுமுணுப்புத் தொடங்கியது. அருமைக்காரருக்கு முகூர்த்தம் போகிறதே என்ற கவலை. குல்லா இருக்கட்டும், சளி பிடிக்கிற ஊர், ஆனால் பூ இல்லாமல் சீர் செய்ய முடியாது, அதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்றார். பூத்தட்டு அம்மா கையில் இருந்தது. அவள் படியேறி வந்தாள். மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். பழக்க தோஷத்தில் அவள் கை என் பின்னலைத் தேடிப் பிடரியில் தடவியது. பின்னல் இல்லை என்று தெரிந்ததும் கை அங்கேயே நின்றுவிட்டது.

"கண்ணி பெரிசும்மா. உள்ள விட்டு இழு" என்றேன்.

அம்மா சரத்தின் நுனியைக் குல்லாவின் ஒரு கண்ணியில் நுழைத்து இழுத்தாள். அடுத்த கண்ணியில் விட்டாள், இழுத்தாள். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் மெல்ல மெல்லக் கோத்துக்கொண்டே வந்தாள். அப்போதுதான் பெண்ணின் அம்மா மணவறைக்குப் பக்கத்தில் வந்து, உங்கள் பெண்ணுக்கு என்னங்க, தலையில் ஏதாவது அடிபட்டதா என்று தணிந்த குரலில் கேட்டார். எங்கள் அப்பா தொண்டையைச் செருமினார். பெங்களூர் வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மாவின் கை நிற்கவில்லை. அடுத்த கண்ணியில் பூவை நுழைத்தாள்.

"புத்துநோய்ங்க" என்றாள். தணிந்த குரலில் கேட்டதற்கு மண்டபத்துக் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள். "எம் பொண்ணுக்குப் புத்துநோய் வந்துச்சுங்க. மருந்தேத்துனதுல முடி போயிருச்சு. இப்ப நல்லாயிட்டா. உங்ககிட்டப் பொய் சொன்னது நாந்தானுங்க, அவ மேல தப்பில்லீங்க."

இத்தனை மாதமாக அவள் வாயில் வராத வார்த்தை அது. சொல்லிவிட்டுச் சரத்தின் மிச்சத்தையும் கோத்து, நுனியை முடிச்சுப் போட்டு, சரியாக இருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அந்த மண்டபத்துக்கு முன்னால் அழுவதாக எனக்கு உத்தேசமில்லை.

பெண்ணின் அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் கறுப்புத் தொப்பியைக் கழற்றி, வழுக்கைத் தலையை ஒரு தடவு தடவிக்கொண்டு, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"முன்னமே சொல்லியிருக்கலாமுங்க. பொறவு பேசிக்கலாம்" என்றார். நாதஸ்வரக்காரர் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் நிறுத்திப்போட்டீங்க? வாசிங்க" என்றார்.

நாதஸ்வரம் தொடங்கியது. அருமைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூறைச் சேலையின் ஒரு தலைப்பைக் கார்த்தி கையில் கொடுத்தார். மறு தலைப்பை என் கையில் வைத்து, சீர் முடிகிறவரைக்கும் விட்டுவிடக் கூடாது, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றார்.

நல்ல மெல்லிய பட்டு. என் விரலுக்கு அது தெரியவே இல்லை. மூடின கைக்குள் சேலை இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்க்கலாமென்றால் அருமைக்காரர் நிமிர்ந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு சண்டை போட்டு வாங்கிய இடத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தலைப்பைக் கீழே விட்டுவிடுவேனோ என்று கையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். கார்த்திக்கு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தவன் அவன். தன் பக்கத்துத் தலைப்பைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல இழுத்தான்.

இழுப்பு தெரிந்தது.

நானும் இழுத்தேன், கொஞ்சம் பலமாகவே. உருமாலோடு அவன் தலை என் பக்கம் சாய்ந்தது.